நாலாவது மாடிப் பூஞ்சை

அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் ஏசியைப் பார்த்துக்கொண்டவருக்கு வாசனை தெரியாது. கட்டடத்தில் இந்த விஷயம் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அவருடைய மனைவியின் தங்கை, நாலாவது மாடியில் இருந்த காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மூன்று வருடமாக அவள் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

எல்லோரும் அவரை ஏசி அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

இருபத்தாறு வயதில் அவர் ஒரு ஐஸ் ஆலையில் இருந்தார். ஒருநாள் மதியம் அமோனியா குழாயில் ஒரு வால்வு பிய்த்துக்கொண்டது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். அவரும் ஓடினார். பாதி வழியில், மெயின் வால்வை யாரும் மூடவில்லை என்பது நினைவுக்கு வந்து, திரும்பிப் போய் மூடிவிட்டு வந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெஞ்சு தேறியது, கண் தேறியது, மூக்கு மட்டும் தேறவில்லை. ஆலை முதலாளி நேரில் வந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்துவிட்டுப் போனார். அது நாளுக்கு நாலு நிமிஷம் பின்தங்கியது.

கல்யாணம் பேசும்போதே இதை அவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். "அப்ப சமையலைக் குறை சொல்ல மாட்டீங்க, அப்படித்தானே?" என்று கேட்டாள் அவருடைய மனைவி. அப்போது அவள் மனைவி ஆகியிருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஆனாள். அவள் தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வீட்டில் காஸ் அடுப்பை அவர் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். பால் கெட்டுவிட்டதா, சட்டையை இன்னொரு நாள் போடலாமா என்பதெல்லாம் அவள் தீர்ப்பு. அவரும் அப்பீல் போனதில்லை.

இந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேரும்போது கொடுத்த படிவத்தில் கண் எப்படி என்று கேட்டிருந்தார்கள், காது எப்படி என்று கேட்டிருந்தார்கள். மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் பதில் எழுதவில்லை. அப்படிச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது.

மாடிக்கு ஒரு சின்ன அறை. அந்த அறைக்குள் ஆளைவிட உயரமான ஒரு தகரப் பெட்டி. மாடியில் இருக்கும் காற்றை இழுத்து, ஃபில்டரில் வடிகட்டி, குளிர்ந்த குழாய்கள் வழியாக விட்டு, டக்ட் என்கிற தகரக் குழாய் வழியாகத் திரும்ப அனுப்புவது அந்தப் பெட்டியின் வேலை. எட்டு மாடிக்கு எட்டுப் பெட்டிகள். காலை ஏழரைக்கு வந்து எட்டையும் சுற்றிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் கட்டம் நிரப்புவார். வெப்பம், அழுத்தம், சத்தம், வாசனை என்று நாலு கட்டம். முதல் மூன்றையும் அளந்து எழுதுவார். வாசனைக் கட்டத்தில் தினமும் "இல்லை" என்று எழுதினார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

நாலாவது மாடியிலிருந்து புகார் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் ஏணியோடு போனார். தட்டச்சுப் பிரிவில் இருந்த பெண் மேலே காற்று வரும் கம்பி வலையைக் காட்டினாள்.

"அண்ணே, ஈர சாக்ஸை அப்படியே சுருட்டி அலமாரில போட்டு மறந்துட்டா ஒரு நாத்தம் வருமே, அந்த நாத்தம். காலைல ஆன் பண்ணதும் அரை மணி நேரம் அடிக்குது. அப்புறம் பழகிடுது."

அவர் வலைக்கு நேர் கீழே நின்று, தலையை நிமிர்த்தி, மற்றவர்கள் செய்வதைப் போலவே இரண்டு முறை ஆழமாக இழுத்தார். நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த மச்சினி, கணினித் திரையை மூக்கு முட்டும் அளவுக்குக் கவனமாகப் படிக்கத் தொடங்கினாள்.

"ஆமா, கொஞ்சம் இருக்கு," என்றார் அவர்.

ஃபில்டர்களைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டினார். வியாழக்கிழமை அதே புகார் வந்தது. பெட்டியில் சேரும் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாயில் ஊதி அடைப்பு எடுத்தார். அடுத்த திங்களும் வந்தது. அதற்குள் விஷயம் கட்டட மேனேஜரின் மேசைக்குப் போய்விட்டது.

கட்டட மேனேஜர் கெட்ட மனிதர் அல்ல. எந்தப் பிரச்சினைக்கும் அன்றைக்கே ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். மறுநாளே ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து, நாலாவது மாடியில் பன்னிரண்டு இடங்களில் சின்னச் சின்ன வெள்ளை டப்பாக்களை மாட்டிவிட்டுப் போனான். கால் மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு டப்பாவும் 'உஸ்' என்று எலுமிச்சை வாசனையைத் துப்பியது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. புகார் நின்றது. மற்ற மாடிக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று மேனேஜர் ஒரு சுற்றறிக்கை விட்டார்.

ஏசி அண்ணனுக்கு மட்டும் அதில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அவருக்கு முன்பும் நாற்றம் இல்லை, இப்போதும் எலுமிச்சை இல்லை. அவர் காதில் விழுந்தது இருமல்.

அதுவும் முதலில் வீட்டில்தான் விழுந்தது. தனியாக வாடகை வீடு கிடைக்கும் வரை மச்சினி அவர்களோடுதான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்:

"கவனிச்சீங்களா? இவ இன்னைக்கு இருமவே இல்ல. நேத்தும் கம்மி. நாளைக்குச் சாயங்காலம் பாருங்க, ஆரம்பிச்சிடுவா."

"லீவு நாள்னா யாருக்குத்தான் உடம்பு நல்லா இருக்காது?" என்றாள் தங்கை.

"வேலைக்குப் போக இஷ்டமில்லாதவளுக்குத் தலைவலி வரும்டி. மூணு மாசமா வாரத்துல அஞ்சு நாள் மட்டும் இருமல் வராது."

மறுநாள் காலையில் ஏசி அண்ணன் தன் மனைவியின் கடையில் ஒரு தாளை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். நாலாவது மாடியில் தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று காட்டும் வரைபடம் அது. மேசை, நாற்காலி எல்லாம் அதில் குறித்திருக்கும்.

அதைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, மூன்று நாள் நாலாவது மாடியில் ஏணி மேல் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர். ஏற்கெனவே இறுகிக்கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். யாராவது இருமினால் அந்த நாற்காலிக்கு ஒரு புள்ளி, கண்ணைக் கசக்கினால் ஒரு கோடு. இரண்டாவது நாள் காப்பீட்டு அலுவலகத்தின் கிளை மேலாளர் அம்மா ஏணிக்குக் கீழே வந்து நின்றார். காப்பீட்டுக் கோரிக்கைகளை இருபத்தைந்து வருடமாகச் சலித்துப் பார்த்தவர். எதையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

"இன்னும் முடியலையா?"

"ஆணி நிறைய இருக்கு மேடம்."

மூன்றாவது நாள் மாலை தாளை விரித்துப் பார்த்தார். நடுவழிக்குக் கிழக்கே முப்பத்தொரு நாற்காலி, மேற்கே முப்பத்தொரு நாற்காலி. மேற்குப் பக்கம் இருமியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் சிகரெட் பிடிக்க மணிக்கு ஒருமுறை கீழே போகிறவர். கிழக்குப் பக்கம் இருபத்திரண்டு பேர். கிழக்கு ஓரம் கடைசி நாற்காலி, பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கோப்பறை அக்காவுடையது. அதில் புள்ளி வைக்க இடம் போதவில்லை. அவருக்கு முன்பே ஆஸ்துமா உண்டு. கைப்பையில் இன்ஹேலர் வைத்திருப்பார். முன்பு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த மருந்தை இப்போது மேசை மேலேயே வைத்திருந்தார், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில்.

பெட்டி ஒன்றுதான். ஆனால் அதிலிருந்து டக்ட் இரண்டாகப் பிரிந்து கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றும் போகும். கிழக்குப் பக்கம் கூட்ட அறை இருப்பதால், விசிறிச் சத்தம் கேட்காமலிருக்க அந்த டக்டின் உள்பக்கத்தில் மட்டும் பஞ்சு போன்ற கண்ணாடி நார் ஒட்டியிருந்தார்கள். கட்டடம் கட்டிய காலத்தில் ஒட்டியது. யாரும் திறந்து பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

மறுநாள் அலுவலகம் முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, கிழக்கு டக்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தார்.

மஞ்சளாக இருக்க வேண்டிய நார் கறுப்பாக இருந்தது. கறுப்புக் கம்பளியை உள்ளே விரித்து ஒட்டியதுபோல் வெளிச்சம் போன தூரம் வரைக்கும் கறுப்பு. நடுநடுவே சாம்பல் பச்சையில் வட்ட வட்டமாகத் திட்டுகள். விரல் வைத்தார். ஈரம். கீழே டிரெயின் தட்டைப் பார்த்தார். ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. சாய்வு பார்க்கும் தண்ணீர் மட்டப் பலகையை வைத்ததும் காரணம் புரிந்தது. எட்டு மாதத்துக்கு முன் மேனேஜர் பெட்டி அறைகளுக்கெல்லாம் புது டைல்ஸ் போட்டு அழகாக்கினார். நாலாவது மாடியில் டைல்ஸ் போட்டவர்கள் பெட்டியைத் தூக்கித் திரும்ப வைக்கும்போது ஒரு காலுக்கு அடியில் ஒரு டைல் அதிகமாகப் போய்விட்டது. தட்டு, குழாய் இருக்கும் பக்கம் சாயாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. தேங்கிய தண்ணீரை விசிறி காற்றோடு சேர்த்துத் தெளித்தது, நார் குடித்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மாலை ஆறுக்கெல்லாம் பெட்டியை அணைத்து விடுவதால் ஈரம் விடியும் வரை உள்ளேயே புழுங்கியது. அதே மிச்சத்துக்காக வெளிக்காற்று உள்ளே வரும் கதவையும் மேனேஜர் ஆணி அடித்து மூடச் சொல்லியிருந்தார். ஆணி அடித்தது ஏசி அண்ணன்தான்.

அவர் அறை வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எட்டு மாதமாக ஒவ்வொரு நாள் காலையும் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் "இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

படம் எடுத்துக்கொண்டு போய் மறுநாள் மேனேஜரிடம் காட்டினார். மேனேஜர் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தூசி. துடைச்சா போயிடும்."

"பூஞ்சை சார். தொடைச்சா இன்னும் பறக்கும். அந்த நாரை அப்படியே உரிச்சு எடுக்கணும். பெட்டிக்கு மட்டம் பாக்கணும். வெளிக்காத்துக் கதவைத் திறக்கணும். நாலு நாள் மாடியை மூடினா முடிச்சிடலாம்."

"அறுபது பேர் உக்காந்திருக்கிற மாடிய நாலு நாள் மூடறதா? எதுக்கு? நாத்தம் இருந்துச்சு, போயிடுச்சு. நானே நேத்து போய் நின்னு பாத்தேன். கமகமன்னு இருக்கு. நீங்களே போய் மோந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"மோந்து பாக்க முடியாது சார்."

"ஏன்?"

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அந்தக் கேள்வி வந்துவிட்டது. அவர் பதில் சொன்னார். ஐஸ் ஆலை, வால்வு, பதினோரு நாள், எல்லாவற்றையும். கடிகாரத்தை மட்டும் விட்டுவிட்டார்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து தினசரித் தாள்களின் கட்டு ஒன்றை எடுத்துவந்து பிரித்தார்.

"வாசனை, இல்லை. வாசனை, இல்லை. வாசனை, இல்லை," என்று நிதானமாகப் படித்தார். ஏழெட்டுத் தாள் படித்த பிறகுதான் நிறுத்தினார். "இதையெல்லாம் என்னன்னு எடுத்துக்கிறது?"

ஏசி அண்ணன் தாள்களை அடுக்கித் திரும்பக் கட்டி மேசை மேல் வைத்தார்.

மாலைக்குள் கடிதம் வந்தது. உடல் குறைபாட்டை மறைத்ததற்காக விளக்கம் கேட்டு ஒரு பத்தி, விசாரணை முடியும் வரை அவர் நிலவறையில் தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பத்தி. ஏசிக்கு வெளிக் கம்பெனி ஆள் ஒருவன் வந்தான். அவனுக்கு மூக்கு நன்றாக வேலை செய்தது. டப்பாக்களில் எலுமிச்சை தீர்ந்ததும் மாற்றிவிட்டுப் போனான்.

வீட்டில் கடிதத்தை மனைவி இரண்டு தடவை படித்தாள். பிறகு பழக்க தோஷத்தில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்தாள்.

"மோட்டார் நல்ல வேலைதானே. இருமாது," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "அவங்க அத்தனை பேரும் எட்டு மாசமா அதைத்தான் இழுத்திருக்காங்க. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இல்லை இல்லைன்னு எழுதியிருக்கேன்," என்றார்.

அந்த வாரம் கோப்பறை அக்காவை அலுவலகத்திலிருந்தே ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். ஒரு கோப்பை எடுக்கக் குனிந்தவருக்கு நிமிர மூச்சு வரவில்லை. நிலவறை வாசலில்தான் வண்டி நின்றது. ஸ்ட்ரெச்சர் உள்ளே ஏறுவதை ஏசி அண்ணன் மோட்டார் அறையிலிருந்து பார்த்தார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். என்ன வாங்கிப் போவது என்று தெரியாமல் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனார். அக்கா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. சொல்ல வந்ததை ஏசி அண்ணன் நின்றபடியே சொல்லி முடித்தார். தனக்கு வாசனை தெரியாது, தெரிந்திருந்தால் முதல் வாரமே கண்டுபிடித்திருக்கலாம், தன் மேல்தான் தப்பு, அக்கா என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வதாக.

அக்கா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"உக்காருங்க மொதல்ல," என்றார். "எனக்கு நல்லா வாசனை தெரியுமே. நான் என்னத்தக் கண்டுபுடிச்சேன்? எலுமிச்சை நல்லாருக்கு, நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கணும்னு சொன்னேன். வாங்கியும் மாட்டினேன்."

அவர் உட்கார்ந்தார். அக்கா ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்கச் சொல்லி அவரிடமே கொடுத்தார்.

"டாக்டர் கேட்டார், வேலை செய்யற எடத்துல ஏசி இருக்கா, அதை யார் பாக்கிறாங்கன்னு. வந்துட்டுப் போனா நல்லாருக்கும்னார். நீங்களே வந்துட்டீங்க. இருந்து பாத்துட்டுப் போங்க."

நெஞ்சு டாக்டர் மாலை ஐந்துக்கு வந்தார். ஒரு நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில் மெக்கானிக்கின் செல்போனை வாங்கிப் பத்து நிமிஷம் படம் பார்த்தார். ஜெராக்ஸ் வரைபடத்தை விரித்து, புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல சார். மச்சினி ஞாயித்துக்கிழமை இருமல. வீட்ல சொன்னாங்க."

டாக்டர் தன் தாளில் நாலு வரி எழுதினார். இந்த நோயாளிக்குப் பூஞ்சைத் துகளால் ஒவ்வாமை ஏற்பட்டிருக்கிறது. வேலையிடத்துக் காற்றைச் சோதிக்காமல் இவரைத் திரும்ப அங்கே உட்கார வைக்கக் கூடாது. அதே தளத்தில் இருமுகிற மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும். வாசனைத் தெளிப்பான்களை அகற்ற வேண்டும். கீழே கையெழுத்து.

அந்தத் தாளையும் வரைபடத்தையும் மச்சினிதான் கிளை மேலாளர் அம்மாவிடம் கொண்டுபோனாள். அவர் இரண்டையும் இரண்டு தடவை படித்தார். பிறகு வரைபடத்தில் தன் அறையைத் தேடினார். அது கிழக்குப் பக்கம் இருந்தது. அதில் ஐந்து புள்ளிகள் இருந்தன.

"நான் இருமறேனா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்," என்றாள் மச்சினி.

கட்டட மேனேஜரிடம் அவர் சண்டை போடவில்லை. வாடகைக்கு இருக்கும் இடத்தின் காற்றைச் சோதிக்க ஆள் அழைத்திருப்பதாக ஒரு வரி எழுதி அனுப்பினார். காற்று சோதிக்கும் அம்மா ஒரு சூட்கேஸோடு வந்தார். அதிலிருந்து சின்ன விசிறி வைத்த ஒரு கருவியை எடுத்தார். அது ஓர் அளவு காற்றை இழுத்து, உள்ளே வைத்திருக்கும் கூழ் பூசிய வட்டத் தட்டின் மேல் மோதவிடும். காற்றில் பூஞ்சை விதை இருந்தால் அந்தக் கூழில் முளைக்கும். வாசலுக்கு வெளியே தெருவில் ஒரு தட்டு, மேற்குப் பக்கம் ஒரு தட்டு, கிழக்குப் பக்கம் ஒரு தட்டு. மூடி, பெயர் எழுதி, எடுத்துக்கொண்டு போனார்.

ஐந்து நாள் கழித்துக் கிளை மேலாளர் அம்மாவின் அறையில் மூன்று தட்டுகளையும் மேசை மேல் வைத்தார். மேனேஜரும் இருந்தார். சோதனை அம்மா கேட்டுக்கொண்டதால் ஏசி அண்ணனையும் நிலவறையிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

"இது தெரு. பதினாலு புள்ளி. இது மேற்கு, இருபத்தாறு. ரெண்டையும் எண்ணிட்டேன்," என்றார் சோதனை அம்மா. மூன்றாவது தட்டைத் திருப்பினார். அது முழுக்கப் பச்சையும் கறுப்புமாக ஒன்றோடொன்று கலந்து மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இது கிழக்கு. எண்ண முடியல."

மேனேஜர் தட்டை உற்றுப் பார்த்தார். "இதைத் திறக்கலாமா?"

"வேண்டாம்," என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மாடியை மூடினார்கள். நாலு நாள் அல்ல, ஒன்பது நாள் ஆனது. வெளிக் கம்பெனி ஆளிடம் கேட்டபோது, வெளிக்காற்றுக் கதவு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆணி அடித்தவருக்குத்தான் தெரியும். அதனால் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஏசி அண்ணன் மேலே வந்தார். விசாரணை முடிந்ததாக யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கிழக்குப் பக்கத்தைக் கூரையிலிருந்து தரை வரை பிளாஸ்டிக் தாள் கட்டி அடைத்தார்கள். உள்ளே இருக்கும் காற்று மற்ற பக்கம் கசியாமல் ஜன்னல் வழியாக வெளியே இழுத்துத் தள்ள ஒரு விசிறி வைத்தார்கள். ஏசி அண்ணனும் இரண்டு ஆட்களும் தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு நாரை ஈரப்படுத்தி ஈரப்படுத்தி உரித்தார்கள். உரித்ததை அங்கேயே பையில் போட்டுக் கட்டினார்கள். நாற்பத்தேழு பை. வெறும் தகடு தெரிந்த பிறகு தூசி உறிஞ்சி விட்டுத் துடைத்தார்கள். அதிகப்படியான டைலை அவரே உளி வைத்துத் தட்டி எடுத்தார். தட்டில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடி ஒரு நிமிஷத்துக்குள் காணாமல் போனது. இன்னொரு வாளி ஊற்றினார். அதுவும் போனது. மூன்றாவது வாளி தேவையில்லை என்று ஆட்கள் சொன்னார்கள். அதையும் ஊற்றிப் பார்த்தார்.

கடைசி நாள் பன்னிரண்டு வெள்ளை டப்பாக்களையும் கழற்றினார்கள். சோதனை அம்மா மறுபடி வந்து மறுபடி தட்டு வைத்தார். இந்த முறை கிழக்கில் பதினேழு. எண்ணிச் சொன்னார்.

மச்சினியின் இருமல் உடனே நிற்கவில்லை. ஏழு வாரம் ஆனது. எட்டாவது வாரம் ஒரு புதன்கிழமை அவள் சாப்பிட்டு முடித்துப் படுக்கும் வரை இருமவில்லை என்று மனைவி அறிவித்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தேறினார்கள். கோப்பறை அக்கா முழுதாகத் தேறவில்லை. டாக்டர் சொன்னபடி, ஜன்னல் திறக்கும் ஒரு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். மாடிப்படி ஏறினால் இன்னும் இளைக்கிறது என்று போனில் சொன்னார். வீட்டில் மாட்டியிருந்த எலுமிச்சை டப்பாவைக் கழற்றிவிட்டதாகவும் சொன்னார். அவரிடம் பேசி முடித்த நாட்களில் ஏசி அண்ணன் சாப்பிடுவது குறைவு. மனைவி தட்டை எடுத்து மூடி வைப்பாள்.

கட்டட மேனேஜர் பதவி உயர்வு பெற்று இதைவிடப் பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டார். போகும் முன் ஏசி அண்ணனின் கையைக் குலுக்கி, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய பிரச்சினையைத் தீர்த்தோம்," என்றார். விளக்கம் கேட்டு மேனேஜர் எழுதிய கடிதம் கோப்பில் அப்படியே இருக்கிறது. வாசனைக் கட்டத்தை ஏசி அண்ணன் இப்போது நிரப்புவதில்லை. ஒவ்வொரு மாடியிலும் யாராவது ஒருவரை அழைத்து, எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அதற்குப் பக்கத்தில் தன் கையால் ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்திருக்கிறார். அதில் தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து எழுதுகிறார்.

ஐஸ் ஆலைக்குப் பிறகு அவர் தன் உடம்பைப் பற்றி வெளியே யாரிடமும் பேசியதில்லை. இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதில் ஒரு வசதி இருந்தது. மதிய உணவு நேரத்தில் யாராவது டப்பாவைத் திறந்து, "இது கெட்டுப் போச்சா பாருங்க," என்று அவரிடம் நீட்டுவதில்லை. முன்பெல்லாம் நீட்டுவார்கள். அவரும் மோந்து பார்த்து, "சாப்பிடலாம்," என்று சொல்லியிருக்கிறார்.

நாலாவது மாடி முடிந்ததும் மற்ற மாடிகளையும் திறந்து பார்க்க அனுமதி கேட்டு எழுதினார். புது மேனேஜர் ஒரு பெண்மணி. அவர் மாடிக்கு ஒரு மாதம் என்று ஒதுக்கிக் கொடுத்தார். இரண்டாவது மாடி சுத்தமாக இருந்தது. ஐந்தாவது மாடியில் தட்டில் ஒரு செத்த பல்லி மட்டும் இருந்தது. போன வாரம் ஏழாவது மாடிக்கு ஏணியும் டார்ச்சும் தண்ணீர் மட்டப் பலகையுமாகப் போனார். அது வக்கீல்களின் அலுவலகம். மூத்த வக்கீல் அறையிலிருந்து வெளியே வந்து வழியை மறித்து நின்றார்.

"எங்க மாடிலேர்ந்து யாரும் புகார் எதுவும் குடுக்கலையே. இங்க எல்லாம் நல்லா, வாசனையாத்தானே இருக்கு?"

"அப்படின்னு சொன்னாங்க சார்," என்று ஏணியை விரித்தார் ஏசி அண்ணன். "அதான் பாக்க வந்தேன்."